வராதவர் கணக்கு

1990களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்த சுற்றுலாப் பயணிகளிடம் ஆராய்ச்சியாளர்கள் சிலர் 16 புகைப்படங்களைக் காட்டினார்கள். பதினாறும் ஒரே இடம். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் தனியாக நிற்கும் டெலிகேட் ஆர்ச் என்ற செம்பாறை வளைவு. 46 அடி உயரத் திறப்பு. யூட்டாவின் கார் நம்பர் பிளேட்டிலேயே அதன் படம் உண்டு. முதல் புகைப்படத்தில் வளைவைச் சுற்றி ஆள் அரவமே இல்லை. அடுத்தடுத்த படங்களில் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கடைசிப் படத்தில் 108 பேர். எல்லாம் கம்ப்யூட்டரில் ஆட்களைச் சேர்த்தும் நீக்கியும் செய்தவை. "இவ்வளவு கூட்டம் உங்களுக்குச் சம்மதமா?" என்று ஒவ்வொரு படத்துக்கும் பிளஸ், மைனஸ் மதிப்பெண் வாங்கினார்கள். சராசரியைக் கோடாக வரைந்தால், ஏறத்தாழ 30 பேர் என்ற இடத்தில் அது பூஜ்யத்தைத் தொட்டுக் கீழே இறங்குகிறது.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேனிங்கும் அவருடைய குழுவும் செய்த வேலை இது. பூங்கா நிர்வாகம் அந்த 30-ஐக் கையில் எடுத்துக்கொண்டது. வளைவின் அடியில் ஒரே சமயத்தில் 30 பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றால், மலையடிவாரத்தில் எத்தனை காருக்கு இடம் விடலாம்? யார் எப்போது ஏறத் தொடங்குகிறார்கள், மேலே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, பார்க்கிங்கின் அளவை அந்தக் கணக்கோடு பொருத்தினார்கள். மேலே நிற்கும் கூட்டத்தைக் கீழே இருக்கும் வெள்ளைக் கோடுகள் தீர்மானிக்கின்றன. விசில் ஊதி விரட்ட ஆள் தேவையில்லை.

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஆய்வைப் படித்தபோது, என் மாணவிகளுக்கு இதைச் சொல்லாமல் போனோமே என்று இருந்தது. அவ்வளவு அழகு. அதே சமயம் பழைய வாத்தியார் புத்தி ஒரு கேள்வியையும் கேட்டது. படத்தை யாரிடம் காட்டினார்கள்? பூங்காவுக்கு வந்தவர்களிடம். கூட்டம் பிடிக்காமல் ஏற்கெனவே வருவதை நிறுத்திவிட்டவர்களிடம் யாரும் படத்தை நீட்டவில்லை, நீட்டவும் முடியாது. அவர்களையும் கேட்டிருந்தால் கோடு 30-க்கு முன்பே இறங்கியிருக்கும். வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் என் கண் முதலில் 'ஆப்சென்ட்' மீதுதான் போகும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் போகப்போகிறது.

மகள் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். 2024 மே மாதம் என்னை ஆர்ச்சஸுக்குக் கூட்டிப்போவது என்று பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டது. முடிவாக வேண்டியிருந்தது. அந்தப் பூங்காவுக்குள் கார் நுழைய அப்போது நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும் என்ற விதி இருந்தது. மே மாதத்துக்கான டிக்கெட்டைப் பிப்ரவரி தொடக்கத்திலேயே இணையத்தில் திறந்துவிட்டார்கள். நான் அப்போது ஊரில். வீடியோ காலில் மாப்பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"என்ன மாப்பிள்ளை, தீபாவளிக்கு ரயில் டிக்கெட் போடுற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"கிட்டத்தட்ட அதேதான் அத்தை. காலை எட்டு மணிக்குத் திறப்பான். நல்ல ஸ்லாட்டெல்லாம் சீக்கிரமே போயிரும்."

கிடைத்தது காலை ஏழிலிருந்து எட்டுக்குள் நுழையும் ஸ்லாட். முன்பதிவுக் கட்டணம் 2 டாலர். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி, காருக்கு 30 டாலர். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை நுழைபவர்களுக்குத்தான் இந்த டிக்கெட் வேண்டியிருந்தது. ஏழுக்கு முன்போ நாலுக்குப் பிறகோ போனால் தேவைப்படவில்லை. உள்ளே போய்விட்டால் எவ்வளவு நேரமும் இருக்கலாம்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், ஆர்ச்சஸின் சாலை ஒரு முட்டுச்சாலை. வாசலில் ஏறிப் போய் 18 மைலில் முடியும். திரும்ப அதே வழிதான். 2015 மே மாத நீண்ட விடுமுறையில் வாசலில் நின்ற கார் வரிசை நெடுஞ்சாலைவரை நீண்டு, போலீஸ் வந்து நுழைவையே மூடியது. 2021-ல் பார்க்கிங் நிரம்பி, மணிக்கணக்கில் வாசலைச் சாத்தியது மட்டும் நூறு தடவைக்கு மேல். பக்கத்து ஊர் மோவாபில் அறை எடுத்துத் தங்கி, வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ. இதில் ஒரு வேடிக்கை: 2013-ல் யூட்டா சுற்றுலாத் துறையே தன் ஐந்து தேசியப் பூங்காக்களைச் சேர்த்து 'மைட்டி ஃபைவ்' என்று பெரிய விளம்பரம் செய்தது. வா வா என்று மாநில அரசு கூப்பிட்டது. இடமில்லை என்று மத்திய அரசின் பூங்காத் துறை வாசலைச் சாத்தியது.

1956, 57-ல் எட்வர்ட் ஆபி என்ற எழுத்தாளர் இதே பூங்காவில் ரேஞ்சராக வேலை பார்த்தார். அப்போது மண் சாலைதான். பூங்காக்களுக்குள் காரையே விடக்கூடாது, நடந்து வரட்டும் என்று 1968-ல் வந்த தன் நூலில் அவர் வாதாடினார். முழங்கால் தேய்ந்த எனக்கு அந்த வாதம் உடன்பாடில்லை. ஆனால் கூட்டம் என்று நாம் சொல்வது பாதிக்கு மேல் கார்தான் என்பதில் அவர் சொன்னது சரி. அதே மாநிலத்தின் ஜயன் பூங்காவில் 2000-லிருந்து சீசன் காலத்தில் பள்ளத்தாக்குக்குள் சொந்தக் காரை விடுவதில்லை. எல்லோரும் பூங்கா பஸ்ஸில்தான் போக வேண்டும். அங்கே கூட்டம் குறையவில்லை, இரைச்சல் குறைந்தது.

அமெரிக்காவில் பொது நிலம் என்றால் தேசியப் பூங்கா மட்டுமல்ல. பூங்காத் துறையிடம் ஏறக்குறைய எட்டரைக் கோடி ஏக்கர். வனத்துறையிடம் 19 கோடிக்கு மேல். நில மேலாண்மைத் துறை என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர். இந்தப் பரப்பில் வாசல் இருக்கும் இடம் கொஞ்சம்தான். வாசலே இல்லாத காட்டில் யார் வந்தார், யார் போனார் என்று எப்படி எண்ணுவது?

தேசியப் பூங்காக்களின் வருகைக் கணக்கு 1904-லிருந்து இருக்கிறது. இன்று பெரும்பாலான பூங்காக்களில் எண்ணுவது தரைக்கு அடியில் புதைத்த ஒரு கம்பிச் சுருள். மேலே கார் போனால் அதன் காந்தப்புலம் மாறும், ஒன்று கூடும். அது கார்களின் எண்ணிக்கை. அதை ஆட்களின் எண்ணிக்கையாக்க, ஒரு காரில் சராசரியாக எத்தனை பேர் என்ற பெருக்கு எண் வேண்டும். அதை மாதிரிக் கணக்கெடுப்பு செய்து வைத்திருப்பார்கள். ஊழியர்களின் வண்டி, சரக்கு வண்டி இவற்றைக் கழிக்க வேண்டும். அந்தப் பெருக்கு எண் பழையதாகிப்போனால் மொத்தக் கணக்கும் சாய்ந்துவிடும். ஆனால் கடைசியில் பத்திரிகையில் வரும் எண்ணைப் பார்த்தால், ஒவ்வொருவரையும் தலையைத் தொட்டு எண்ணியதுபோல அவ்வளவு துல்லியமாக இருக்கும்.

நடைபாதைகளில் வேறு கருவி. மரத்திலோ கம்பத்திலோ சிறு பெட்டி. அகச்சிவப்பு ஒளியை வைத்து, கடந்துபோகும் உடல்களை எண்ணும். இருவர் தோளோடு தோள் ஒட்டிப் போனால் ஒன்று என்று எண்ணிவிடும். போவதும் வருவதும் இரண்டாகப் பதிவாகும். அதனால் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எண்ணி, பெட்டி சொல்வதையும் தான் எண்ணியதையும் ஒப்பிட்டு, ஒரு திருத்த எண் கண்டுபிடிக்க வேண்டும். டேட்டா அனலிட்டிக்ஸ் என்ற பளபளப்பான பெயருக்கு அடியில் இப்படி ஒருவர் வெயிலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்.

வனத்துறை செய்வது இன்னொரு விதம். 2000-லிருந்து ஒவ்வொரு காட்டையும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்ந்த நாட்களில், தேர்ந்த இடங்களில், காட்டிலிருந்து வெளியேறுபவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், என்ன செய்தீர்கள். பாடப்புத்தக மாதிரிக் கணக்கெடுப்பு. குறை என்னவென்றால் ஒரு காட்டுக்கு ஐந்து வருடத்தில் ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். இடையில் ஏதாவது ஒரு வீடியோ பரவி, ஒரு அருவிக்கு ஊரே திரண்டால் கணக்குக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2024-ல் தேசியப் பூங்காக்களுக்கு 33 கோடியே 18 லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் என்று அறிவித்தார்கள்; அதுவரை இல்லாத உச்சம். அமெரிக்க மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். உடனே ஆளுக்கு ஒருமுறை போயிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவை வருகைகள், ஆட்கள் அல்ல. பூங்கா அருகே குடியிருந்து வாரம் தவறாமல் உள்ளே போய் நடப்பவர் வருடத்துக்கு ஐம்பது வருகை. பூங்காவையே பார்க்காதவர் பூஜ்யம், ஆனால் அந்தப் பூஜ்யம் அட்டவணையில் எங்கும் எழுதப்படுவதில்லை.

இப்போது செல்போனுக்கு வருவோம். 2013-ல் ஸ்பென்சர் வுட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் மக்கள் போட்ட படங்களில் எடுத்த இடமும் நாளும் பதிந்திருக்கும். உலகம் முழுக்க 836 சுற்றுலா இடங்களை எடுத்துக்கொண்டு, அங்கே உண்மையில் வந்தவர்களின் எண்ணிக்கையோடு படங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தார்கள். நன்றாகவே ஒத்துப்போனது. வாசல் இல்லாத காடுகளுக்கும் இனி ஒரு கணக்கு கிடைக்கும் என்று பலருக்கும் மகிழ்ச்சி. பிறகு படம்கூடத் தேவைப்படவில்லை. வானிலை, வரைபடம், விளையாட்டு என்று நாம் போனில் ஏற்றிவைக்கும் செயலிகள் பலவும் நாம் நிற்கும் இடத்தைக் குறித்து விற்கின்றன. அவற்றை வாங்கித் தொகுத்து விற்கவே நிறுவனங்கள் இருக்கின்றன. பெயர் இருக்காது, ஆனால் ஒரு போன் இரவெல்லாம் எங்கே கிடக்கிறதோ அதுதான் அதன் வீடு என்று ஊகிக்கலாம். வீடு தெரிந்தால் அந்தப் பகுதியின் சராசரி வருமானம் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கிறது. ஆக, காட்டுக்குள் ஒரு புள்ளி நகர்கிறது என்றால், அது எந்த ஊரிலிருந்து, எவ்வளவு வசதியான தெருவிலிருந்து வந்த புள்ளி என்பதுவரை சொல்லிவிட முடிகிறது. கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் விஷயம்தான்.

ஆனால் என்னைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆர்ச்சஸில் என் போன் ஏரோப்ளேன் மோடில் இருந்தது. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து நான் வைத்த வைப்பு. ஒரு குடும்பத்தில் மூன்று பேர் போனோம், இரண்டு புள்ளிகள். வயதானவர்கள், குழந்தைகள், பழைய பட்டன் போன்காரர்கள், செயலிக்கு இருப்பிட அனுமதி மறுப்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் பாதி மறைந்தவர்கள்தான். தவிர, மாதிரி நம் கையில் இல்லை. 2021-ல் செயலிகள் பயனாளரைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆப்பிள் விதி போட்டது. பலர் மறுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பூங்காவில் புள்ளிகள் குறைந்தால், குறைந்தது ஆட்களா, போன்களா? தரையில் புதைத்த பழைய கம்பிச் சுருளையும் வைத்துக்கொண்டு ஒப்பிடாமல் பதில் சொல்ல முடியாது.

எண்ணிக்கையே எல்லாம் என்றும் இல்லை. ஆர்ச்சஸில் பாதையை விட்டு இறங்காதே என்று அடிக்கு அடி பலகை. கறுப்பாக, பொருக்குத் தட்டிய மண் தெரியும். பார்த்தால் அழுக்கு மாதிரி. அது உயிருள்ள மண் தோல். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு காலடி போதும், நொறுங்கிவிடும். மீள்வதற்குப் பல பத்தாண்டுகள். சூழலியல் ஆய்வாளர் டேவிட் கோல் போன்றவர்கள் எத்தனையோ இடங்களில் அளந்து சொன்னது இதுதான்: புதிய மண்ணில் முதலில் மிதிக்கும் சிலர்தான் பெரும் சேதத்தைச் செய்கிறார்கள், ஏற்கெனவே தேய்ந்த பாதையில் இன்னும் ஆயிரம் பேர் போனாலும் கூடுதல் சேதம் குறைவு. ஆகவே கூட்டத்தைப் பரப்பிவிடு, ஆள் போகாத இடத்துக்குத் திருப்பிவிடு என்ற நல்லெண்ண யோசனை மண்ணைப் பொறுத்தவரை மிகக் கெட்ட யோசனையாக இருக்கலாம். மனிதனுக்குக் கூட்டம் தொந்தரவு, மண்ணுக்குச் சிதறல் தொந்தரவு. இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்ப்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, முன்பதிவு வைத்தார்களே, பலன் உண்டா? இங்கேதான் எனக்குக் கை பரபரக்கிறது.

ஆர்ச்சஸுக்கு 2021-ல் 18.07 லட்சம் வருகைகள். 2022 ஏப்ரலில் நேர டிக்கெட் தொடங்கியது. அந்த ஆண்டு 14.61 லட்சம். 19 சதவீதம் வீழ்ச்சி. மோவாபின் கடைக்காரர்களில் ஒரு சாரார் டிக்கெட்தான் பிழைப்பைக் கெடுத்தது என்றார்கள். வாசலில் நெரிசல் போனது, கூட்டம் நாள் முழுக்கப் பரவியது, இதுதானே வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரு தரப்பும் டிக்கெட்டால்தான் வீழ்ச்சி என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். என் மாணவி யாராவது இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

பக்கத்தில் கேன்யன்லேண்ட்ஸ் என்று இன்னொரு தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்கும் மோவாப்தான் தங்கும் ஊர். அங்கே நேர டிக்கெட் இல்லை. அதன் கணக்கு 2021-ல் 9.12 லட்சம், 2022-ல் 7.79 லட்சம். டிக்கெட்டே இல்லாத இடத்தில் 14.5 சதவீதம் விழுந்திருக்கிறது! 2021 என்பது கொரோனாவுக்குப் பிறகு வீட்டை விட்டு எல்லோரும் வெளியே பாய்ந்த வருடம், அசாதாரண உச்சம். 2022 ஜூனிலோ அமெரிக்காவில் பெட்ரோல் விலை சராசரியாக காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஆர்ச்சஸும் டிக்கெட் இல்லாமலே அதே 14.5 சதவீதம் விழுந்திருக்கும் என்று வைத்தால், 3.46 லட்ச வீழ்ச்சியில் சுமார் 2.6 லட்சம் டிக்கெட்டோடு தொடர்பில்லாதது. மிஞ்சுவது எண்பது ஆயிரம் சொச்சம்.

இதையும் முழுசாக நம்ப வேண்டாம். ஆர்ச்சஸில் டிக்கெட் கிடைக்காதவர் கேன்யன்லேண்ட்ஸுக்குப் போயிருந்தால் அதன் எண் செயற்கையாக ஏறியிருக்கும். ஆர்ச்சஸ் இல்லையென்றால் யூட்டா பயணமே வேண்டாம் என்று விட்டவர்கள் இருந்தால் அது இறங்கியிருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒப்பிட ஒரு பக்கத்து இடம் மட்டும் இருந்தால் இவ்வளவுதான் சொல்ல முடியும். இரவு மோவாப் விடுதியில் இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஊர் சுத்த வந்தியா, கணக்குப் போட வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டி எனக்கு."

இந்த எண்பது ஆயிரம், கூடவோ குறையவோ, யார்? வெளிநாட்டுக்காரர்களா, பக்கத்து ஊர்க்காரர்களா, மூன்று மாதம் முன்பே லீவு உறுதி செய்ய முடியாத தினக்கூலிகளா? வாசல் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. இதே கேள்வியைக் கூடாரம் போடும் இடங்களில் வைத்து மொன்டானா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள். தேசியப் பூங்காக்களில் ஐந்து முகாம்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு முன்பதிவு வேண்டும்; இன்னொரு பகுதி முதலில் வருபவருக்கு. காடு, கழிப்பறை, வானம் எல்லாம் பொது, நுழையும் விதம் மட்டும் வேறு. கேன்யன்லேண்ட்ஸை வைத்து நான் போட்டதைவிட எவ்வளவோ சுத்தமான ஒப்பீடு. இரண்டு பகுதியிலும் தங்கிய செல்போன்களின் வீட்டுப் பகுதிகளைப் பார்த்தார்கள். முன்பதிவுப் பகுதியில் தங்கியவர்கள் வருமானம் கூடுதலான இடங்களிலிருந்து வந்திருந்தார்கள். 2022-ல் வெளிவந்த ஆய்வு.

கொஞ்ச நேரம் முன்பு வயிற்றைக் கலக்குகிறது என்றேனே, அதே செல்போன் புள்ளிகள்தான் இதைக் காட்டிக்கொடுத்தன. கூட்டத்தை நிர்வகிக்க வாங்கிய டேட்டா, அந்த நிர்வாகமே யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் சொல்லிவிட்டது. இந்தக் கேள்வியைக் கேட்க ஆராய்ச்சியாளர்கள் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. நிர்வாகத்தின் திரையில் வழக்கமாக வருவது வேறு: எந்த ஸ்லாட் நிரம்பியது, எந்த பார்க்கிங் எத்தனை மணிக்கு நிரம்பியது.

முன்பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'முதலில் வருபவருக்கு' என்பதும் நியாயமான ஏற்பாடு இல்லை. அங்கே ஜெயிப்பவர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வரக்கூடியவர், மோவாபில் அறை எடுக்கக் காசுள்ளவர். ஒவ்வொரு வாசலும் ஒரு வகை ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. குலுக்கல் ஓரளவு மேல். ஜயனில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற கத்திமுனைப் பாறை முகட்டில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அங்கே குலுக்கல். அரிசோனா எல்லையில் 'த வேவ்' என்ற அலை அலையான பாறைக்கு ஒரு நாளைக்கு 20 பேர் என்றிருந்ததை 2021-ல் 64 ஆக்கினார்கள். ஆனாலும் குலுக்கலில் பெயர் கொடுப்பதற்குத் திரும்பி வராத கட்டணம் இருக்கிறது, கிரெடிட் கார்டு வேண்டும், நெட் வேண்டும். ஆர்ச்சஸில் செய்த ஒரு ஏற்பாடு எனக்குப் பிடித்தது: டிக்கெட்டில் ஒரு பங்கை நிறுத்திவைத்து முந்தின நாள் மாலை ஏழு மணிக்குத் திறந்தார்கள். திட்டமிட முடியாத வாழ்க்கை வாழ்பவர்களுக்கு அது ஒரு இடுக்கு.

டெலிகேட் ஆர்ச்சுக்கு நான் ஏறவில்லை. அடிவாரத்தில் இருக்கும் பார்வையிடத்திலிருந்து தூரத்தில் பார்த்தேன். மேலே போன மாப்பிள்ளை கொண்டுவந்த படத்தில் நிழலும் ஆளும் கலந்து கிடந்தார்கள். எண்ணினேன், 30-ஐத் தாண்டியது. அவருக்கு அது கூட்டமாகவே படவில்லை. சென்னையில் வளர்ந்தவர்.

இதையெல்லாம் நம் ஊரில் எழுத இப்போது ஒரு காரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் ஏறுகின்றன என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட பிறகு வந்த உத்தரவு. முதல் வருடம் யாரையும் தடுக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ். நோக்கம் கணக்கெடுப்புதான். இது எனக்கு மிகவும் பிடித்தது. அளந்துவிட்டுப் பிறகு முடிவெடுப்பது நம் வழக்கமில்லையே. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் போனது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

இ-பாஸ் படிவம் வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று கேட்கிறது. கம்பிச் சுருளும் பெருக்கு எண்ணும் தராத விவரம் இது. ஒரு காரில் எத்தனை பேர் என்று ஊகிக்க வேண்டியதில்லை. இதை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது, 8,000 நிறைந்துவிட்ட சனிக்கிழமைக்கு 8,001-ஆவதாகப் படிவம் நிரப்பியவரைப் பற்றி. திரை 'இடமில்லை' என்று சொன்ன அந்த நொடி எங்காவது பதிவாகிறதா? அவர் திங்கள்கிழமைக்கு மாற்றிக்கொண்டாரா, ஏற்காட்டுக்குத் திரும்பினாரா, பாஸ் இல்லாமலே சோதனைச் சாவடிக்கு வந்து நின்றாரா? அந்தப் பதிவை அழிக்காமல் வைத்தால், உச்சவரம்பு யாரைத் தடுத்தது என்று இரண்டு சீசனில் சொல்லிவிடலாம். ஆள் பெயர் வேண்டாம், பின்கோடு போதும்.

இன்னொன்று, அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. சரியான விலக்குதான், ஐம்பது பேரை ஒரு வண்டியில் ஏற்றிவருவதைத்தான் மலையும் விரும்பும். ஆனால் அதனாலேயே மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு அன்றிரவே இறங்கும் குடும்பம் அந்த அட்டவணையில் இல்லை. நாளைக்கு இ-பாஸ் கணக்கை மட்டும் விரித்து வைத்து, ஊட்டிக்கு வருபவர்களுக்கு எதெது வேண்டும் என்று திட்டம் போட்டால் பார்க்கிங் வரும், சாலை அகலமாகும். கூடுதல் பஸ்ஸும் பஸ் நிலையத்தில் கழிப்பறையும் வேண்டும் என்று கேட்க அந்தக் கணக்கில் ஆள் இருக்காது. பஸ் பயணிகளின் எண்ணிக்கை கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினில் இருக்கிறது. அதையும் மலை ரயிலின் டிக்கெட் கணக்கையும் இ-பாஸ் கணக்கோடு ஒரே தாளில் நாள்வாரியாக வைத்துப் பார்க்க எந்தப் புதுக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. மூன்று அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுத வேண்டும், அவ்வளவே.